கிரகணத்துக்கு நறுக்கிய நெஞ்சு

“படத்தை டாக்டரே வெச்சிக்கினாருன்னு அன்னிக்கே சொன்னேன். காதுல இன்னா வெச்சிருந்தே?”

“அவரு கண்ணாலயே பாக்கலன்றாரு. படம் எங்கடி?”

“அப்ப அவரு பொய் சொல்றாரு.”

“டாக்டரு பொய் சொல்றாரு, நீ அரிச்சந்திரன் பொண்டாட்டி.”

ஆவடி குவார்ட்டர்ஸில் அந்த லைன் வீடுகளுக்குச் சண்டை ஒன்றும் புதிதல்ல. ஆனாலும் தொண்ணூற்றாறாம் வருஷப் பொங்கல் முடிந்த நாலாம் நாள் காலையில் உலகநாதன் வீட்டில் எழும்பிய குரலுக்கு, பக்கத்து வீட்டு நாகம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் வந்து நின்றாள். தொழிற்சாலையில் டாங்கிக்கு இரும்புத் தகடு வளைக்கிறவன் உலகநாதன். பெண்டாட்டி பார்வதத்தை வளைக்க மட்டும் இருபத்திரண்டு வருஷமாக அவனுக்குக் கைவரவில்லை என்பது ஊரறிந்த சேதி. அன்றைக்கு அவன் விடுவதாயில்லை. பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, தங்கச்சி பேபியின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தரையில் விசிறிக்கொண்டிருந்தான். பழுப்பு உறைகளில் எட்டு மார்பு எக்ஸ்ரே படங்கள், மூன்று மாதத்துக்கு ஒன்றாக. ஒன்பதாவதைக் காணோம்.

பேபிக்கு முட்டிக்கு மேலே எலும்பில் புற்று வந்து, இரண்டரை வருஷம் முன்னால் வலது காலைத் தொடையோடு எடுத்திருந்தார்கள். கால் போனாலும் அது நெஞ்சுக்குத் தாவும், தவறாமல் படம் எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இப்போது தாவியிருந்தது. மார்கழிப் பனியில் ஆரம்பித்த இருமல் நிற்காமல் போக, புதுப் படம் எடுத்ததில் இரண்டு நுரையீரலிலும் சேர்த்து ஐந்து புள்ளிகள். அறுத்து எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவே பெரிய டாக்டர் செப்டம்பர் படத்தைக் கேட்டார். அப்போதே இருந்து மெல்ல வளர்ந்ததென்றால் அறுப்பதில் அர்த்தம் உண்டு. நாலே மாதத்தில் ஐந்தும் முளைத்ததென்றால் அந்தப் பெண்ணைப் போட்டு வெட்டுவது வீண் வதை. செப்டம்பர் படத்தை வாங்கி வந்தது பார்வதம்.

“உன் தங்கச்சியே எங்கனா வெச்சிட்டு மறந்திருப்பா” என்று சொல்லிக்கொண்டே பார்வதம் உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

பேபி நாற்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மடிக்குக் குறுக்கே ஊன்றுகோல். கிழக்கு ஜன்னல் வழியாக ஏழே முக்கால் வெயில் சிவப்புத் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ஒரு கட்டத்தில் மட்டும் வெயில் சரியாக இல்லை. அங்கே அடுப்புப் புகை படிந்தாற்போல ஒரு நிழல். நிழலுக்குள், சுண்ணாம்பால் எழுதினாற்போல வெளிச்சத்திலேயே சில எண்கள், கண்ணாடிக்குள் தெரிவதுபோல இடம் வலம் மாறி. பார்வதம் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள். 18-9-95.

ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையளவு கறுப்புத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. உலகநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். பதில் சொல்லத் திறந்த வாயைப் பார்வதம் மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சண்டையைக் கூட அவள் பாதியில் விட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாகம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம்.

செப்டம்பரில் நடந்தது இதுதான். பூந்தமல்லி ரோட்டில் படம் எடுக்கிற இடத்தில், கண்ணாடி போட்ட டாக்டரம்மா படத்தை விளக்குக்கு எதிரே பிடித்து, வலது பக்க விலா எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்தார். கறுப்பில் ஒரு வெள்ளை வட்டம். கொண்டைக்கடலை அளவு. ஒன்றே ஒன்று. “போன தடவை இது இல்லம்மா. இன்னிக்கே பெரிய டாக்டர்கிட்ட கொண்டு போங்க” என்றார். பார்வதம் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் அல்ல, ஆவடி பஸ்.

அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. மகள் சாமுண்டீஸ்வரிக்குக் காட்டுப்பாக்கம் கஜபதியின் மகன் ஆனந்தனைப் பேசி முடித்திருந்தார்கள், கார்த்திகையில் கல்யாணம். கஜபதி வெற்றிலை மாற்றும்போதே ஓரக்கண்ணால் ஊன்றுகோலைப் பார்த்து, பொண்ணோட அத்தைக்கு வந்தது ரத்தத்துல வர்ற வியாதியா என்று கேட்டிருந்தார். மாடு முட்டியதில் சீழ் பிடித்துக் காலை எடுத்ததாகப் பார்வதம் சொல்லிவைத்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் மாடு எங்கிருந்து வந்தது என்று கஜபதி கேட்கவில்லை, அது அவர் பெருந்தன்மை. மறுபடியும் ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று கிளம்பினால் கல்யாணம் நின்றுவிடும். இரண்டே மாதம். கல்யாணம் முடிந்த மறுநாளே காட்டிவிடலாம். வீட்டுக்கு வந்து, டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றுமில்லையாம், படத்தை அவரே வைத்துக்கொண்டார் என்றாள். பேபி சிரித்தாள். உறை அரிசி டிரம்முக்கு அடியில் போயிற்று.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். வெறும் கண்ணால் பார்க்காதீர்கள் என்று டிவியில் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி, பார்க்க நினைக்காதவனுக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். எக்ஸ்ரே படம் வழியாகப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று லைனே நம்பியது. படம் யார் வீட்டில் இருக்கும்? வெடிக் காகிதம் குப்பையாகக் கிடந்த வாசலில் நாகம்மாதான் முதல் ஆளாக வந்து நின்றாள். “உன் நாத்துனா படம் பெட்டி பெட்டியா கீதாமே. ஒண்ண வெட்டிக் குடு பார்வதம், கொயந்தைங்க பேஜாரு பண்ணுதுங்க.”

பார்வதத்துக்கு நாகம்மாவின் வாயில் சாமியே வந்து வழி சொன்னதுபோல இருந்தது. நல்லவையாக எட்டு இருந்தன. டாக்டர் கேட்பார் என்று அவற்றைத் தொடவில்லை. அரிசி டிரம்மைச் சாய்த்து ஒன்பதாவதை எடுத்தாள். துணி வெட்டுகிற கத்தரியால் நீளத்தில் மூன்று, குறுக்கே நாலு. பன்னிரண்டு துண்டு. வட்டம் இருந்த துண்டை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு மீதியை வீட்டுக்கொன்றாகக் கொடுத்தாள். அன்று காலை எட்டரை மணிக்கு மரத்தடி நிழலெல்லாம் பிறை பிறையாக விழ, காகங்கள் குழம்பிப் போய்க் கூடு திரும்ப, லைன் முழுக்க அண்ணாந்து பேபியின் நெஞ்சு வழியாகச் சூரியனைப் பார்த்தது. பார்வதமும் தன் துண்டைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். கடித்த சூரியன் ஒன்று, அதன் பக்கத்தில் கடிக்காத வெள்ளை வட்டம் ஒன்று. பிறகு அதை வெந்நீர் அடுப்பில் போட்டாள். அது எரிந்த நாற்றம், முடியும் மருந்தும் சேர்ந்து கருகியதுபோல, கல்யாணம் வரைக்கும் அடுப்பங்கரையை விட்டுப் போகவில்லை.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. மறுநாள் மறுவீடு. அதற்கடுத்த வாரம் புது ஜோடிக்கு எண்ணெய்த் தலைமுழுக்கு. அதற்கப்புறம், இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். அப்படியே மார்கழி வந்தது, இருமலும் வந்தது.

பழைய படம் கிடைக்காமலே, தை கடைசியில் பேபிக்கு இடது பக்கம் திறந்தார்கள். முதுகிலிருந்து மார்புக்குக் கீழ் வரைக்கும் வளைத்து அறுத்து, நுரையீரலைக் கையால் தடவித் தடவி இரண்டு புள்ளிகளை எடுத்தார்களாம். வலது பக்கம் ஆறு வாரம் கழித்து. பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் பார்வதம்தான் கூட இருந்தாள். கட்டிலுக்கடியில் ஒரு கண்ணாடி ஜாடி, பாதிக்குத் தண்ணீர், பேபியின் விலாவிலிருந்து வந்த குழாய் அந்தத் தண்ணீருக்குள் முங்கியிருந்தது. அவள் மூச்சு விடுகிறபோதெல்லாம் குளுக் என்று ஒரு குமிழி. டெட்டால் வாடை, பக்கத்துக் கட்டில்காரியின் முனகல், மின்விசிறியின் கிறீச், எல்லாவற்றுக்கும் அடியில் தரையோடு தரையாக அந்தச் சத்தம். கேட்காதபோது பார்வதத்துக்குத் திகிலாக இருந்தது. கேட்டபோது அதைவிட.

மூன்றாம் நாள் பகலில் பேபி கண்ணைத் திறக்காமல் பேசினாள்.

“அண்ணி, கிரகணத்தன்னிக்கு நாகம்மாக்கா எங்கையிலயும் ஒரு துண்டு குத்தாங்க. மூலைத் துண்டு. தேதி போட்டிருந்துச்சு.”

குளுக்.

“சாமுண்டி கல்யாணம் முடியட்டும்னு நானும் கம்முனு இருந்தேன். முடிஞ்சப்புறம் நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஜன்னல்ல கூட ஒட்டி வெச்சேன்.”

குளுக். குளுக்.

“வலது பக்கம் வெட்றதுக்குள்ள மீதியெல்லாம் சேத்துக் கொண்டாங்க அண்ணி. டாக்டர் பாக்கட்டும். அண்ணங்கிட்ட நான் சொல்ல மாட்டேன்.”

பார்வதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சரி என்றாள். வட்டம் இருந்த துண்டு சாம்பலாகிவிட்டதைச் சொல்லவில்லை.

பேபியை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே பார்வதம் நாகம்மா வாசலில் போய் நின்றாள். இன்னா பார்வதம் என்று அவள் கேட்டதும், கொஞ்சம் உறைமோர் கொடு என்றாள். சாயந்தரம் மறுபடி போனாள், மறுபடி உறைமோர். மறுநாள் காலையில் மூன்றாவது தடவை கிண்ணத்தோடு நிற்கவும் நாகம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இன்னா பார்வதம், பால் கடை வெச்சிகீறியா? ஒரு நாளிக்கு எத்தினி தபா உறை ஊத்துவே?” பார்வதம் சிரித்தாள். நாகம்மா தோளுக்குப் பின்னால், சுவர் மாடத்தில், சீப்புக்கும் விபூதிக் கிண்ணத்துக்கும் நடுவே அந்தத் துண்டு செருகியிருந்தது. கையை நீட்டினால் போதும். நீட்டினால் எதுக்கு என்று கேட்பாள். கேட்டால் ராத்திரிக்குள் லைனுக்கே தெரியும், நாளைக்குக் காட்டுப்பாக்கத்துக்கு. கிண்ணம் நிறைய உறைமோரோடு திரும்பினாள். மற்ற வீடுகளுக்கு அவள் போகவே இல்லை.

தேடினேன், எல்லாரும் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று பேபியிடம் சொன்னாள்.  பேபி தலையணைக்கடியிலிருந்த மூலைத் துண்டை எடுத்து, மறுபடி ஜன்னலில் ஒட்டினாள்.

பங்குனியில் வலது பக்கம் திறந்தார்கள். எடுக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தால், எடுக்க முடியாத அளவுக்கு இருந்ததாம். மூன்றாம் நாள் விடிகாலையில் ஜாடித் தண்ணீர் அசையாமல் நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த மறுநாள், முதல் சங்கு ஊதி உலகநாதன் போன பிறகு, பார்வதம் துடைப்பத்தோடு அந்த அறைக்குள் போனாள். ஜன்னலில் மூலைத் துண்டு இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது.

யாரோ குழந்தையின் விளையாட்டு என்று புதுத் துண்டைப் பிய்த்து அடுப்பில் போட்டாள். அதே நாற்றம். மறுநாள் காலையில் அது அதே இடத்தில் இருந்தது, பக்கத்தில் மூன்றாவது. வழவழவென்று, ஓரங்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தி, பசையும் இல்லாமல் ஆணியும் இல்லாமல். ராத்திரி வருகிற பேயென்றால் வேப்பிலை செருகலாம், விளக்கேற்றலாம். இதற்கு வெயில் வேண்டும். உலகநாதன் சாயந்தரம் திரும்பும்போது ஜன்னலில் வெயில் இருக்காது. வெறும் அழுக்குக் கண்ணாடிதான் அவன் கண்ணுக்கு. துக்கத்தில் இவளுக்குப் புத்தி பிசகுகிறது, நாத்தனார் மேல் இவ்வளவு பாசமா என்று லைன் மூக்கில் விரலை வைத்தது.

ஒருநாள் நாகம்மா தானாக வந்தாள். “எங்கூட்டு மாடத்துல ஒரு துண்டு செருகியிருந்தேனே, அத்தக் காணம். அடுத்தூட்டு அங்கம்மா துண்டையும் காணமாம். உனுக்குத்தான் திருப்பிக் குத்தாங்களா?”

பார்வதம் இல்லை என்றாள். அன்று காலை ஜன்னலில் ஏழு இருந்தன.

எட்டு. ஒன்பது. கழுத்தெலும்பு வந்தது. இதயத்தின் நிழல் வந்தது. பதினொன்றாவது வந்த நாளில் வெயில் முழு நெஞ்சையும் தூக்கித் தரையில் போட்டது. பாயளவு பெரிய நெஞ்சு. வெளிச்சத்தால் ஆன விலா எலும்புகள், இருட்டால் ஆன நுரையீரல்கள். வலது பக்கத்தில் ஒரு துண்டு இல்லாத ஓட்டை. அந்த ஓட்டை சதுரமாகத்தான் இருக்க வேண்டும். பார்வதம் தன் கையால் சதுரமாகத்தான் நறுக்கினாள். தரையில் விழுந்த வெயில் வட்டமாக இருந்தது.

கொண்டைக்கடலை அளவல்ல. தட்டளவு.

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். அறையில் மூடி வைத்த வாடை, டெட்டால் வாடை. வெளியே கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். சத்தம் தேய்ந்ததும் வேறொன்று கேட்டது. தரையோடு தரையாக.

குளுக்.

விலா எலும்புகள் விரிந்தன. சுருங்கின.

குளுக்.

வட்டம் நகர்ந்தது. வெயில் ஏற ஏற நகரத்தானே செய்யும் என்று நினைத்தாள். ஆனால் வெயில் ஏறினால் ஜன்னல் பக்கம் வர வேண்டும். இது ஜன்னலை விட்டு விலகி வாசல்படிப் பக்கம் போனது. படியில் முட்டி நின்றது. எதையோ தேடுவதுபோல.

வைகாசியில் சாமுண்டீஸ்வரி நாலு மாதக் கர்ப்பத்தோடு தாய் வீட்டுக்கு வந்தாள். வந்த பெண்ணைப் பார்த்துப் பார்வதம், இப்போ எதுக்கு வந்தே, திரும்பிப் போ என்றாள். நாகம்மா இதை நாலு வீட்டில் சொல்லி, பெத்த வயிறா இது என்று கேட்டாள். உலகநாதன் அதட்டி மகளை உள்ளே அழைத்துக்கொண்டான். கிழக்கு அறையைப் பார்வதம் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தபோது பூட்டு திறந்திருந்தது. உள்ளே காற்று நல்லா வருது என்று சாமுண்டி சிவப்புத் தரையில் முந்தானையை விரித்து, மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது.

வட்டம் சுவரோரத்திலிருந்து கிளம்பியது. அவசரமில்லாமல். மகளின் விரித்த கூந்தலைத் தாண்டியது. தோளில் ஏறியது. குளுக். நெஞ்சை நோக்கி ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை.

“பேபி” என்றாள் பார்வதம். பேபி செத்த பிறகு அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. “நாந்தான் பண்ணேன். அவ இல்ல.”

வட்டம் நின்றது. பார்வதம் மகளுக்கும் வெயிலுக்கும் நடுவே தரையில் படுத்து, ஜாக்கெட்டின் மேல் கொக்கியைக் கழற்றினாள். அது திரும்பி வந்தது. அவளுடைய வலது மார்புக்கு மேலே ஏறி அமர்ந்தது. சுடவில்லை. கண்ணாடி ஜாடியைத் தொட்டதுபோலச் சில்லென்று இருந்தது.

அன்றிலிருந்து தினமும் முதல் சங்குக்கு அவள் அங்கே படுத்தாக வேண்டியிருந்தது. ஒருநாள் காய்ச்சலில் எழ முடியாமல் தவறவிட்டாள். அன்று மகளுக்கு இருமல் வந்தது. அதற்கப்புறம் தவறவிடவில்லை.

சாமுண்டீஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்து, ஆனந்தன் வந்து காட்டுப்பாக்கத்துக்கு அழைத்துப் போனான். தாயும் பிள்ளையும் நல்ல சுகம். கஜபதி பேத்திக்கு அவளுடைய அத்தைப்பாட்டி பெயரை வைக்கலாமா என்று கேட்டாராம். வேண்டாமென்று பார்வதம் கையெடுத்துக் கும்பிட்டாளாம். அங்கம்மா மகனுக்கு அயனாவரத்தில் பெண் எடுத்தார்கள். நாகம்மா குடும்பம் கொரட்டூர் ஏரிப் பக்கம் சொந்த வீட்டுக்குப் போய்விட்டது. லைனில் சேதிக்கு இப்போது பெரும் பஞ்சம். உலகநாதன் வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டையில் சின்னதாக ஒரு வீடு கட்டினான். பெண்டாட்டி ஒரே பிடிவாதமாக நின்றதால் கிழக்கே ஜன்னல் வைக்கவில்லை. கடைசியில் அவள் படுக்கிற அறைக்கு எந்தப் பக்கமும் ஜன்னல் இல்லை. கதவு, கான்கிரீட், இருட்டு.

அங்கே தொழிற்சாலைச் சங்கு கேட்காது. ஆனாலும் ஏழே முக்காலுக்குப் பார்வதம் கதவைச் சாத்திக்கொண்டு மல்லாந்து படுக்கிறாள். கண்ணை மூடுகிறாள். திறக்கிறாள். கும்மிருட்டில், அவள் நெஞ்சின் மேல், தட்டளவு வெள்ளை வட்டம். அது மெல்ல மேலே எழும்புகிறது. மெல்லக் கீழே இறங்குகிறது.

பார்வதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள்.

எழும்புகிறது. இறங்குகிறது.